ஒட்ட விடாத உமிழ்நீர்

(அவிநாசியில் பொதுமக்களுக்காக நடந்த ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அவிநாசிக்கு வந்து பல்லைப் பற்றிப் பேசுகிறவன் முதலையை விட்டுவிட்டுப் பேச முடியாது. முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்டுக் கொடுத்த தலம் இது. அந்த முதலைக்கு நம்மிடம் இல்லாத வசதி ஒன்று உண்டு. அதற்குப் பல் விழுந்தால் அதே இடத்தில் இன்னொன்று முளைக்கும். வாழ்நாளில் ஒவ்வொரு பல்லிடத்திலும் 50 முறை வரை புதுப்பல் முளைக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நமக்கு இரண்டே தடவைதான். பால் பற்கள் 20, அடுத்து வருகிற நிரந்தரப் பற்கள் 32. அதோடு கணக்கு முடிந்தது. இருப்பதைக் காப்பாற்றிக்கொள்வதைத் தவிர வேறு வழி இல்லை.

இந்தக் கூட்டத்துக்கு அழைத்த நண்பர்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். "கொரோனாவுக்கு ஊசி போட்டோம், உடம்பில் ஆன்டிபாடி உண்டாகிறது என்று சொன்னீர்கள். பல் சொத்தையும் கிருமியால்தான் வருகிறது என்கிறீர்கள். அப்புறம் அதற்கு ஏனுங்க ஒரு ஊசி இல்லை?" நல்ல கேள்வி. உலகத்தில் பெரிய பெரிய ஆய்வுக்கூடங்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இதே கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கின்றன. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். ஆன்டிபாடி என்பதைப் பள்ளிப் புத்தகத்தில் உள்ளபடி எதிர்ப்பொருள் என்றே சொல்கிறேன்.

முதலில் எதிரி யார் என்று பார்ப்போம். பல்லைப் புழு அரிக்கிறது என்று நம் பாட்டிமார் சொன்னார்கள். கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடிக்கச் சொன்னார்கள். பல்லில் புழு என்ற நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதல்ல; உலகம் பூராவும் இருந்தது. 1890இல்தான் பெர்லினில் பணிபுரிந்த மில்லர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் விஷயத்தைத் தெளிவாக எழுதினார். வாயில் வாழும் கிருமிகள் நாம் தின்னும் இனிப்பையும் மாவையும் நொதிக்க வைத்து அமிலமாக்குகின்றன, அந்த அமிலம் பல்லைக் கரைக்கிறது என்றார். எந்தக் கிருமி என்று அவரால் சுட்ட முடியவில்லை. 1924இல் லண்டனில் கிளார்க் என்பவர் சொத்தைப் பல்லிலிருந்து ஒரு கிருமியைப் பிரித்தெடுத்தார். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்று பெயர் வைத்தார். நாம் சுருக்கமாக மியூட்டன்ஸ் என்போம்.

அதன் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1954இல் அமெரிக்காவில், கிருமியே இல்லாத சூழலில் எலிகளை வளர்த்துச் சர்க்கரை நிறைந்த தீனி போட்டார்கள். ஒரு பல்லும் கெடவில்லை. 1960இல் பால் கீஸ் என்பவர், சொத்தை இல்லாத ஹாம்ஸ்டர் எலிகளை, சொத்தை உள்ளவற்றோடு ஒரே கூண்டில் விட்டார். அவற்றுக்கும் சொத்தை வந்தது. அப்போதுதான், பல் சொத்தை ஒன்றிடமிருந்து இன்னொன்றுக்குத் தொற்றக்கூடியது என்பது உறுதியானது. தொற்றுநோய் என்றால் தடுப்பூசி போடலாமே என்ற ஆசையும் அங்கேதான் பிறந்தது.

இந்தக் கிருமியின் சாமர்த்தியம் என்ன? ஆய்வகத்தில் நாங்கள் மாணவர்களுக்குக் காட்டுவதை உங்களுக்கும் சொல்கிறேன். இரண்டு கண்ணாடிக் குழாய்கள். இரண்டிலும் கிருமிக்கு வேண்டிய சத்துநீர். ஒன்றில் குளுக்கோஸ் சேர்க்கிறோம். மற்றதில் டீக்குப் போடும் சாதாரணச் சர்க்கரை. இரண்டிலும் மியூட்டன்ஸை ஒரு துளி விட்டு, உடல் சூடான 37 டிகிரியில் ஓர் இரவு வைக்கிறோம். காலையில் குளுக்கோஸ் குழாயைக் கவிழ்த்தால் கலங்கல் தண்ணீர் அப்படியே கொட்டிவிடும்; குழாய் ஏறக்குறையச் சுத்தமாக இருக்கும். சர்க்கரைக் குழாயைக் கவிழ்த்தால் தண்ணீர் போகும். கண்ணாடிச் சுவரில் வெளுத்த படலம் ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கும். தண்ணீர் விட்டு அலசினாலும் போகாது. சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

சுக்ரோஸ் எனப்படும் இந்தச் சர்க்கரை குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் இணைந்த ஒரு ஜோடி. மியூட்டன்ஸ் குளுக்கோசில் டிரான்ஸ்ஃபரேஸ் என்ற நொதியை வெளியே விடுகிறது. அந்த நொதி ஜோடியைப் பிரித்து, குளுக்கோஸை எல்லாம் நீண்ட சங்கிலியாக இணைத்து, குளுக்கான் என்ற பசையாக்கிவிடுகிறது. தின்பதற்கும் சர்க்கரை, ஒட்டிக்கொள்ளும் பசைக்கும் சர்க்கரை. உட்கார்ந்த இடத்திலிருந்து அமிலத்தைச் சுரக்கிறது. இனிப்பு உள்ளே போன சில நிமிஷங்களில் பல்லின் மேல் அமிலம் ஏறுகிறது. அமில அளவைச் சொல்லும் பி.எச். எண் சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால் பல்லின் மேல்பூச்சான எனாமல் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அதைச் சரிக்கட்ட அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை ஆகும். 1940களில் ஸ்டீஃபன் என்பவர் அளந்து காட்டிய கணக்கு இது.

எதிரியைப் பார்த்தாயிற்று. இனி நம் பக்கம் வருவோம்.

நம் உடம்பில் எதிர்ப்பொருள் ரத்தத்தில் மட்டும் இல்லை. கண்ணீர், தாய்ப்பால், குடல், உமிழ்நீர் என்று ஈரமான இடங்களிலெல்லாம் தனி வகை ஒன்று சுரக்கிறது. அதன் பெயர் சுரப்பு ஐ.ஜி.ஏ. ஒவ்வொரு நாளும் அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை ஊறுகிற உமிழ்நீரில் இது கலந்தே வருகிறது. இரண்டு எதிர்ப்பொருள்கள் வாலோடு வால் சேர்ந்த வடிவம். செரிமான நொதிகள் எளிதில் அறுத்துவிடாதபடி மேலே ஒரு காப்புப் புரதமும் சுற்றியிருக்கும். ரத்தத்தில் உள்ள ஐ.ஜி.ஜி. என்ற வகை, ஈறும் பல்லும் சேரும் இடுக்கு வழியாகக் கொஞ்சம் கசிந்து வரும். ஆக, ஈறோரம் ஒரு காவல், மற்ற இடங்களில் இன்னொரு காவல்.

இப்போது மூன்றாவது குழாய். அதே சத்துநீர், அதே கிருமி. மியூட்டன்ஸுக்கு எதிரான எதிர்ப்பொருளைப் போதிய அளவு சேர்க்கிறோம். கிருமி செத்துப் போகும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். காலையில் பார்த்தால் மேலே தண்ணீர் தெளிந்திருக்கும். அடியில் திரிதிரியாக ஏதோ படிந்திருக்கும். பார்க்கிற யாருக்கும் கிருமி வளரவே இல்லை என்றுதான் தோன்றும். அந்தத் திரியில் ஊசி முனையளவு எடுத்து, கிருமி வளர்க்கும் அகார் தட்டில் தீற்றி வைத்தால், ஓரிரு நாளில் புள்ளி புள்ளியாக முளைத்து நிற்கும். கிருமி சாகவில்லை. எதிர்ப்பொருள் அவற்றை ஒன்றோடொன்று பிணைத்துக் கட்டாக்கிக் கீழே தள்ளியிருக்கிறது, அவ்வளவுதான்.

இன்று நான் சொல்ல வந்த முக்கியமான செய்தி இதுதான். வாயில் எதிர்ப்பொருளின் வேலை கொல்வதல்ல, ஒட்ட விடாமல் தடுப்பது. குழாயில் கட்டாகிய கிருமி அடியில் தங்குகிறது. வாயில் அடி என்று எதுவும் இல்லை. உமிழ்நீரோடு தொண்டைக்குள் போகிறது, வயிற்று அமிலத்தில் முடிகிறது. பல்லைப் பற்றிக்கொள்ளாத கிருமிக்கு வாயில் வாழ்வில்லை.

எதிர்ப்பொருள் இதை மூன்று வழியில் செய்கிறது. கிருமிகளைப் பிணைத்து விழுங்க வைப்பது ஒன்று. பல்லைப் பற்றுவதற்கு மியூட்டன்ஸ் தன் மேல்தோலில் வைத்திருக்கும் புரதத்தை மூடிவிடுவது இரண்டு. பசை தயாரிக்கும் அந்த நொதியையே பிடித்துச் செயலிழக்கச் செய்வது மூன்று. மூன்றிலும் கொலை இல்லை. ஐ.ஜி.ஏ. பொதுவாக வீக்கத்தையும் அழற்சியையும் கூப்பிடாது. அதுவும் நன்மைக்குத்தான். மனித வாயில் சுமார் 700 வகைக் கிருமிகள் வாழக்கூடும் என்கிறார்கள். ஒவ்வொன்றோடும் சண்டைக்குப் போனால் ஈறு வீங்காத நாளே இருக்காது.

"அப்படியென்றால் எதிர்ப்பொருள் அதிகம் உள்ளவனுக்குச் சொத்தை வராதா?" என்று கேட்பீர்கள். ஆய்வுகள் ஒரே பதிலைச் சொல்லவில்லை. சொத்தை இல்லாதவர்களிடம் அதிகம் இருந்ததாகச் சிலர் கண்டார்கள். சொத்தை உள்ளவர்களிடமே அதிகம் என்று சிலர் கண்டார்கள். இதில் வியப்பில்லை. கிருமியோடு நெடுநாள் பழகியவனுக்கும் எதிர்ப்பொருள் கூடும். பிறவியிலேயே ஐ.ஜி.ஏ. இல்லாதவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் எல்லோருக்கும் பல் கெட்டுவிடுவதில்லை, ஐ.ஜி.எம். என்ற வேறு வகை அந்த வேலையைப் பார்க்கிறது. ஆனால் கழுத்து, தாடைப் பகுதியில் கதிர்வீச்சு சிகிச்சை பெற்று உமிழ்நீர் சுரப்பிகள் வறண்டவர்களைப் பாருங்கள். சில மாதங்களிலேயே வரிசையாகப் பல் கரைகிறது. எதிர்ப்பொருள் தனியாள் அல்ல. கழுவிக்கொண்டு போக உமிழ்நீர் ஓடினால்தான் அதன் வேலை முழுமையாகும்.

சரி, தடுப்பூசிக் கதைக்கு வருவோம். 1969இல் வில்லியம் போவன் இங்கிலாந்தில் குரங்குகளுக்கு மியூட்டன்ஸ் கிருமியையே ஊசியாகப் போட்டார். சர்க்கரைத் தீனி கொடுத்தும் அவற்றுக்குச் சொத்தை குறைந்தது. லண்டன் கைஸ் மருத்துவமனையில் தாமஸ் லேனர் 1970களிலும் 80களிலும் கிருமியின் ஒட்டும் புரதத்தை மட்டும் பிரித்தெடுத்துக் குரங்குகளில் சோதித்தார். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஃபோர்சித் நிறுவனத்தில் டாப்மனும் ஸ்மித்தும் பசை நொதியைக் குறி வைத்தார்கள். எல்லாம் விலங்குகளில் பலன் காட்டின.

குறுக்கே ஓர் அச்சம் வந்து விழுந்தது. தொண்டைப் புண்ணிலிருந்து மூட்டுவலியும் இதய வால்வுக் கோளாறும் வருகிற ருமாட்டிக் காய்ச்சல் நம் ஊர் மருத்துவர்களுக்கு நன்கு தெரிந்த நோய். அதற்குக் காரணமும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் குடும்பத்துக் கிருமிதான். அதை எதிர்க்க உண்டாகிற எதிர்ப்பொருள் இதயத்தையும் தவறுதலாகப் பிடித்துவிடுகிறது. மியூட்டன்ஸ் ஊசி போட்ட முயல்களின் ரத்தத்திலும் இதயத் தசையோடு ஒட்டும் எதிர்ப்பொருள் தென்பட்டது. சொத்தைப் பல்லுக்காக ஆரோக்கியமான குழந்தையின் இதயத்தைப் பணயம் வைக்க யார் ஒப்புவார்கள்? உயிர் போகிற நோய்க்கு ஊசி என்றால் சிறு ஆபத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். பல்லுக்கு அப்படி முடியாது. அதனால்தான் முழுக் கிருமியை விட்டுவிட்டு, தேவையான ஒரு புரதத் துண்டை மட்டும் எடுத்துப் பார்க்கிற வழிக்கு ஆய்வு திரும்பியது.

இன்னொரு சிக்கலும் உண்டு. கையில் போடும் ஊசி ரத்தத்தில்தான் எதிர்ப்பொருளைப் பெருக்கும். நமக்கு வேண்டியது உமிழ்நீரில். போலியோவுக்கு வாயில் சொட்டு விட்டார்கள் அல்லவா? குடலிலேயே காவல் உண்டாக வேண்டும் என்பதும் அதற்கு ஒரு காரணம். அதே போல மூக்கில் விடும் மருந்து, வாயில் தடவும் மருந்து என்று பல வழிகள் சோதிக்கப்பட்டன.

சிலர் வேறு மாதிரி யோசித்தார்கள். பாம்புக்கடிக்கு நம் ஆஸ்பத்திரியில் போடும் மருந்து என்ன? குதிரையின் உடம்பில் உண்டான எதிர்ப்பொருள். நம் உடம்பு தயாரிக்கும் வரை காத்திருக்காமல், வேறோர் உயிர் தயாரித்ததை வாங்கிக்கொள்கிறோம். பல்லுக்கும் அப்படியே தடவிவிட்டால் என்ன?

கைஸ் மருத்துவமனையில் ஜூலியன் மா இதற்குத் தேர்ந்தெடுத்தது புகையிலைச் செடியை! இந்தக் கொங்கு மண்ணில் எத்தனை தோட்டங்களில் புகையிலை போட்டார்கள், அது எத்தனை வாயைக் கெடுத்தது என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மரபணுக்களைச் செலுத்தி, அந்தச் செடியின் இலையிலேயே சுரப்பு ஐ.ஜி.ஏ. எதிர்ப்பொருளை விளைவித்தார்கள். 1995இல் செடியை உருவாக்கிய செய்தி வந்தது. 1998இல் மனிதர்களில் செய்த சோதனை வந்தது. முதலில் மருந்தால் வாயில் உள்ள மியூட்டன்ஸை ஒடுக்கினார்கள். பிறகு மூன்று வாரம் இந்த எதிர்ப்பொருளைப் பல்லில் தடவினார்கள். தடவாதவர்களுக்குக் கிருமி திரும்பி வந்தது. தடவியவர்களுக்கு நான்கு மாதம் வரை வரவில்லை.

இதில் ஒரு புதிர். தடவிய எதிர்ப்பொருள் பல்லில் தங்குவது சில நாள்தான். காவல் மட்டும் எப்படி மாதக்கணக்கில் நீடித்தது? நம் ஊர் பஸ்ஸில் நடப்பதுதான். ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு யாராவது இடம் பிடித்துவிட்டால், பின்னால் ஏறுகிறவர் நின்றுகொண்டுதான் வர வேண்டும். மியூட்டன்ஸ் உட்கார முடியாமல் தவித்த அந்த நாள்களில், தீங்கில்லாத வேறு கிருமிகள் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன என்பதே ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம்.

சந்தோஷப்படுவதற்குள் இதையும் கேளுங்கள். 2005இல் கலிஃபோர்னியாவில் இதே புகையிலை எதிர்ப்பொருளை வைத்து வேறொரு குழு செய்த சோதனையில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. தடவியவர்களுக்கும் தடவாதவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அறிவியலில் ஒரு முறை வென்றது இன்னொரு கையிலும் வெல்ல வேண்டும். அது வரை அதை மருந்தென்று விற்கக் கூடாது.

மூன்றாவது வழி நமக்கு இன்னும் நெருக்கமானது: கோழி முட்டை. தாய்க்கோழி தன் எதிர்ப்பொருளை மஞ்சள் கருவில் வைத்துக் குஞ்சுக்குக் கொடுக்கிறது. 1893இல் கிளெம்பரர் என்ற ஜெர்மானியர் கண்ட உண்மை இது. மியூட்டன்ஸையோ அதன் நொதியையோ கோழிக்கு ஊசியாகப் போட்டால், அதற்கு எதிரான எதிர்ப்பொருள் முட்டையில் வந்து இறங்கும். ஒரு மஞ்சள் கருவில் எல்லா வகையும் சேர்த்து ஏறத்தாழ 100 மில்லிகிராம் எதிர்ப்பொருள் தேறும். கோழியிடம் ரத்தம் எடுக்க வேண்டியதில்லை; முட்டையைப் பொறுக்கினால் போதும். ஜப்பானில் இதை வாய் கொப்பளிக்கும் நீரில் கலந்து பார்த்தபோது உமிழ்நீரில் மியூட்டன்ஸ் குறைந்ததாக 1990களில் எழுதினார்கள். முட்டைக்கு நாமக்கல், கறிக்கோழிக்குப் பல்லடம் என்று நாடறிந்த வட்டாரம் நம்முடையது. கோழிக்கு ஊசி போடத் தெரிந்த கைகள் இங்கே ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. இந்தத் துறையில் படிக்க நினைக்கிற மாணவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

உடனே யாரும் வீட்டில் பச்சை முட்டையை வாயில் ஊற்றிக் கொப்பளிக்க வேண்டாம். சாதாரண முட்டையில் இந்தக் கிருமிக்கென்று தயாரான எதிர்ப்பொருள் இருக்காது. வேகவைத்தால் இருப்பதும் சிதைந்துவிடும். சத்துணவில் போடுகிற முட்டை பிள்ளை உடம்புக்கு நல்லது. பல் விளக்குவதற்கு அது மாற்றல்ல.

ஆக, உங்கள் கேள்விக்கு என் பதில்: பல் சொத்தைக்கு இன்று வரை கடையில் வாங்கும் தடுப்பூசி எங்கும் இல்லை. காரணங்கள் நான்கு. பாதுகாப்பில் சிறு சந்தேகமும் கூடாது என்பது ஒன்று. மியூட்டன்ஸ் தலைவனே தவிர தனியாள் இல்லை, லாக்டோபேசில்லஸ் போன்ற கூட்டாளிகளும் உண்டு என்பது இரண்டு. ஃபுளூரைடு கலந்த பற்பசை வந்ததும் பணக்கார நாடுகளில் சொத்தை குறைந்துவிட்டது, அதனால் பணம் போட முன்வருவோரும் குறைந்தார்கள் என்பது மூன்று. நான்காவது காரணம் சர்க்கரை.

அந்த நான்காவதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். எதிர்ப்பொருளால் கிருமியைத் தடுக்க முடிவது அது ஒட்டுவதற்கு முன்னால்தான். சர்க்கரை கிடைத்துப் பசைப் படலம் கட்டிவிட்டால், உள்ளே இருக்கும் கிருமியை எதிர்ப்பொருள் எளிதில் எட்ட முடியாது. உமிழ்நீரும் உள்ளே சரியாகப் போகாது. காவல்காரன் வெளியே நிற்க, உள்ளே அமிலம் சுரக்கும்.

இங்கே பலர் என்னிடம் சொல்கிறார்கள்: "நாங்க வெள்ளைச் சர்க்கரையைத் தொடறதே இல்லீங்க, நாட்டுச்சர்க்கரைதான்." நல்லது. ஆனால் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரையிலும் அச்சு வெல்லத்திலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். பழனி பஞ்சாமிர்தமானாலும் மியூட்டன்ஸுக்குப் பிரசாதம் என்று தெரியாது. எவ்வளவு தின்கிறோம் என்பதைவிட எத்தனை தடவை தின்கிறோம் என்பது பெரிது. பதினோரு மணிக்கு ஒரு டீயும் பன்னும், நாலு மணிக்கு டீயும் வர்க்கியும், இடையில் ஒரு மிட்டாய் என்றால், ஒவ்வொரு முறையும் அரை மணி, ஒரு மணி நேர அமிலம். பல்லுக்கு மூச்சு விட நேரமே இல்லை. சாப்பாட்டோடு சேர்த்து ஒரு முறை இனிப்புத் தின்பது அதைவிடத் தேவலை.

கடைசியாகத் தாய்மார்களுக்கு. குழந்தை பிறக்கும்போது அதன் வாயில் மியூட்டன்ஸ் இல்லை. பல் முளைத்த பிறகுதான் நன்றாகக் குடியேறுகிறது. அமெரிக்காவில் காஃபீல்ட் என்பவர் 1993இல் எழுதிய ஆய்வில், பெரும்பாலான குழந்தைகளுக்கு 19 முதல் 31 மாத வயதுக்குள் இது வந்து சேர்ந்தது. அதற்கும் முன்பே வருவதுண்டு என்று பிந்திய ஆய்வுகள் காட்டின. பெரும்பாலும் வருவது வளர்க்கிறவரின் வாயிலிருந்துதான். தாயிடம் உள்ள அதே வகையே பிள்ளையிடமும் இருப்பதை மரபணு சோதனை காட்டியிருக்கிறது. குழந்தையின் சொந்த எதிர்ப்பொருள் பழகிக்கொண்டிருக்கிற பருவமும் அதே பருவம்தான். தடுப்பு மருந்து என்றைக்காவது வந்தாலும், அதை அந்த வயதில்தான் கொடுப்பார்கள்.

அப்போது குழந்தையின் பக்கம் நாம் நிற்கிறோமா, கிருமியின் பக்கம் நிற்கிறோமா? "பால் பல்லுதானுங்க, விழுந்து மொளைக்கப் போகுது" என்று விட்டுவிடுகிறோம். ராத்திரி ஷிப்டுக்குப் போகிற அவசரத்தில் சர்க்கரை போட்ட பால் பாட்டிலை வாயில் வைத்துத் தூங்க வைக்கிறோம். தூக்கத்தில் உமிழ்நீர் மிகவும் குறைவு. எதிர்ப்பொருளும் வராது, கழுவலும் நடக்காது, சர்க்கரை மட்டும் விடியும் வரை பல்லில் நிற்கும். மேல் முன்பற்கள் நான்கும் பழுப்பேறி உடைந்த பிள்ளைகளை நான் இந்தக் காரணத்தால்தான் அதிகம் பார்க்கிறேன். நம் நாட்டில் 12 வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குச் சொத்தை இருப்பதாக 2002-03இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பு சொன்னது. அதன் வித்து பெரும்பாலும் இந்த வயதில் விழுகிறது.

செய்ய வேண்டியது அதிகமில்லை. தாய்க்குச் சொத்தை இருந்தால் பிள்ளைக்குப் பல் முளைக்கும் முன்பே அடைத்துக்கொள்ளுங்கள். ஸ்வீடனில் தாய்மாரின் வாயில் கிருமியைக் குறைத்தபோது பிள்ளைகளுக்கு அது வந்து சேர்வது தள்ளிப்போனது. முதல் பல் எட்டிப் பார்த்த நாளிலிருந்து, ஃபுளூரைடு பற்பசையை அரிசி மணி அளவு தொட்டுத் தேய்த்து விடுங்கள். தாய்ப்பால் தாராளமாகக் கொடுங்கள். பாட்டில் பாலில் சர்க்கரை வேண்டாம், தூங்கும்போது பாட்டிலே வேண்டாம். பிள்ளைக்கு ஒரு வயது ஆவதற்குள் பல்லை ஒரு முறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். நீங்கள் வேலைக்குப் போனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற அப்பத்தாவுக்கும் அம்மாயிக்கும் இதைச் சொல்லுங்கள். மிட்டாய் கொடுப்பது பெரும்பாலும் அவர்கள் கைதான்.

ஊசி வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. எதிர்ப்பொருள் ஏற்கெனவே பிள்ளையின் உமிழ்நீரில் ஊறிக்கொண்டுதான் இருக்கிறது. அது செய்கிற வேலையைச் சர்க்கரை போட்டுக் கெடுக்காமல் இருப்பதுதான் நம் பங்கு.